ஏழாவது கிலோமீட்டர்

முதல் தடவை நான் செத்தது
ஃபியோர்டுக்கு அடியில்,
சுரங்கச் சாலையின் ஏழாவது கிலோமீட்டரில்.
பின்னால் பதினெட்டு டன் சால்மன்,
பனிக்கட்டிக்குள் வரிசையாக,
என்னைவிட நிதானமாக.

காரணம் என்று ஒன்றுமில்லை.
ரேடியோவில் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ
கதவை உதைத்தார்கள்.
விரல் மரத்தது. உதடு மரத்தது.
ஸ்டீயரிங் யாருடையதோ ஆனது.
தலைக்கு மேல் பாறை,
பாறைக்கு மேல் கடல்,
கடலுக்கு மேல் எவனோ ஒருவன்
தூண்டில் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

ஆம்புலன்ஸ் வந்தது.
ஈ.சி.ஜி. தாளைத் தூக்கிப் பிடித்து
இளம் டாக்டர் சொன்னார்:
"தோர்கைர், உங்களுக்குக் குதிரையின் இதயம்."
அதுதானே பிரச்சினை என்றேன்,
லாயத்தை உடைக்கிறது.

அதன்பின் படகில் போனேன்.
மூன்று மணி நேரம் கூடுதல்.
முதலாளி ஓட்பியோர்னிடம் டயர் என்றேன்,
பிரேக் என்றேன், பனிச்சரிவு என்றேன்.
ஜூலை மாதத்தில் பனிச்சரிவு!
அவர் என்னையே பார்த்தார்.
நான் டயரைப் பார்த்தேன்.

தூண்டில் கடைக்கு மேல்மாடி. காலணியை வாசலில் விட வேண்டும்.
என் சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் வெளியே.
அதைக் காட்டிக்கொண்டு
மரணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

சோல்வி என்று பெயர் அவருக்கு.
படுக்கச் சொல்வார், என் அப்பாவைப் பற்றிக் கேட்பார்
என்றிருந்தேன்.
ஓர் உறிஞ்சுகுழலைக் கொடுத்தார்.
"மூக்கைப் பொத்துங்கள். இதன் வழியாக மட்டும் மூச்சு.
ஒரு நிமிடம்."
நாற்பதாவது நொடியில் வந்துவிட்டது
அதே உதை, அதே மரப்பு.
காசு கொடுத்து இதை வாங்க வந்தேனா என்று கத்தினேன்.
"ஆமாம்" என்றார்.
"அது கூப்பிடாமல் வருவதுதானே உங்கள் பயம்?
நாம் கூப்பிட்டுப் பார்ப்போம்."

அடுத்த வாரம் சுழல் நாற்காலி.
ஐம்பத்து மூன்று வயது லாரிக்காரன்
பம்பரம் போலச் சுற்றினேன்.
குப்பைக்கூடை சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது.

"இதுவரை எத்தனை தடவை செத்தீர்கள்?"
பத்தொன்பது.
"செத்த பிறகு?"
யோசித்தேன்.
பசித்தது என்றேன்.
அதை அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு கேட்டார்,
உயிரோடிருக்க வண்டியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று.
ஒரு விரலளவு திறந்த ஜன்னல்.
தண்ணீர் பாட்டில்.
எடுத்தவுடன் அழைக்கும்படி மனைவி குன்வோரின் எண்.
சட்டைப் பையில் ஆஸ்பிரின் ஒன்று.
ஒவ்வொன்றாக இறக்கிவிடச் சொன்னார்,
யாரோ வழியில் ஏறியவர்களைப் போல.
ஜன்னல் எளிது.
குன்வோரின் எண்ணை அழித்த இரவு
மனப்பாடமாகத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.
அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சிரித்தார்.

முதல் பயணத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவந்தார்.
ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.
"இப்போது எவ்வளவு? நூற்றுக்கு?"
எண்பது.
"இப்போது?"
தொண்ணூறு.
"வண்டியை நிறுத்தாதீர்கள். இப்போது?"
தொண்ணூறுதான்.
எழுபது.
மேடு தொடங்கும் இடத்தில்
காது அடைத்துத் திறந்தது.
ஐம்பது என்றேன்; பொய், அறுபத்தைந்து.

அக்டோபரில் தனியாக.
உறைபனி, ஈர ரோடு, நீல விளக்குகள்.
ஆறாவது கிலோமீட்டரில் சத்தமாகவே சொன்னேன்,
வா, வந்து உட்கார், என்ன செய்வாய் பார்ப்போம்.
வந்தது.
முட்டியது, குதித்தது,
குதிரைக்கு அது பழக்கம்.
எங்கே இறங்கியது என்று கவனிக்கவில்லை.
ஒன்பதாவது கிலோமீட்டரில்
ரேடியோ கரகரத்துச் செத்தது.
கால்பந்து முடிவு சொல்லும் நேரம்.
அதற்குத்தான் எரிச்சலாக வந்தது.

குணமாகிவிட்டேனா என்று குன்வோர் கேட்கிறாள்.
தெரியாது.
போன வியாழன் லிஃப்டில் கொஞ்சம் வந்தது,
நான்கு மாடி என்னோடு ஏறியது.

துணி காயப்போடும்போது
நீலச் சட்டையின் பையை அவள் உதறினாள்.
ஆஸ்பிரின்.
எத்தனை சலவைக்குத் தாங்கியதோ,
வெள்ளைத் தூளாக,
காற்றில் கொஞ்சம்,
அவள் கையில் கொஞ்சம்.